நுரையீரலில் இரத்தக்கட்டி: மருத்துவமனையில் தொடங்கி வீட்டில் தொடரும் சிகிச்சை

இரத்தத்தை ‘இளக்கும்’ மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்லும் மருந்துகள் உண்மையில் இரத்தத்தை இளக்குவதில்லை. ஏற்கெனவே உறைந்துவிட்ட கட்டியைக் கரைப்பதுமில்லை. புதிதாக இரத்தம் உறைவதைத் தடுத்து, இருக்கும் கட்டி மேலும் வளராமல் காப்பதே அவற்றின் வேலை. கட்டியைக் கரைக்கும் பணியை உடலே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. அதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கிறது. இதனை விளங்கிக்கொள்ளாததால், நுரையீரல் இரத்தக்கட்டியிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலர், மூச்சு சீரானதும் ‘இனி எதற்கு மருந்து?’ என்று நிறுத்திவிடுகிறார்கள். மருந்தின் பாதுகாப்பு ஓரிரு நாளில் விலகிவிடுகிறது. ஆனால் கட்டி உண்டாகக் காரணமாக இருந்த நிலைமை முற்றிலும் விலகியிருப்பதில்லை.

நம் வாடிக்கையாளர்களில் ஓய்வூதியம் பெறுவோர், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டோர், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றுவோர் எனப் பலர் இருக்கின்றனர். ஆகவே இந்நோய்க்கான சிகிச்சையை, குறிப்பாக வீட்டில் தொடரவேண்டிய பகுதியை, இவ்விதழில் சற்று விரிவாக எடுத்துரைக்க விழைகிறோம். மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாக இதனைக் கொள்ளலாகாது. மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்பட்டால் போதும்.

கட்டி எங்கிருந்து வருகிறது?

நுரையீரலில் காணப்படும் கட்டி பெரும்பாலும் நுரையீரலில் தோன்றியதன்று. கெண்டைக்கால், தொடை, இடுப்பு ஆகிய இடங்களில் ஆழத்தில் ஓடும் சிரைகளில் இரத்தம் உறைகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, வயிற்றின் பெருஞ்சிரை வழியாக மேலேறி, இதயத்தின் வலப்பக்க அறைகளைக் கடந்து, நுரையீரல் தமனிக்குள் சென்று சிக்கிக்கொள்கிறது. இந்தப் பயணத்தை 1840-களில் ஆராய்ந்து காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாள்தான் 2014 முதல் உலக இரத்த உறைவு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல் என்னும் மூன்று காரணங்கள் அவர் பெயரால் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. இடுப்பு அல்லது முழங்கால் அறுவைக்குப் பின் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. எலும்பு முறிவு, புற்றுநோய், பிரசவத்தை ஒட்டிய வாரங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள், உடற்பருமன், முன்பு ஒருமுறை இதே நோய் வந்திருத்தல் ஆகியவை பிற காரணங்கள். 2020-ஆம் ஆண்டிற்குப் பின் கோவிட் நோயாளிகளிடம் இத்தகைய கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டதால்தான் இந்நோயின் பெயரே நம்மில் பலர் காதில் விழுந்தது.

நெடும்பயணத்தைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணிநேரத்திற்கு மேற்பட்ட பயணம் இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. எனினும், நலமுள்ள ஒருவருக்கு அந்த வாய்ப்பு சுமார் 6,000-இல் ஒன்று என்ற அளவிலேயே இருக்கிறது. திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரி வரை மூன்று நாளுக்கு மேல் ஓடும் விவேக் விரைவு வண்டியில்கூட எழுந்து நடக்கலாம், கால் நீட்டிப் படுக்கலாம். இரவு முழுதும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து செல்லும் பேருந்துப் பயணமே எங்களுக்கு அதைவிடக் கவலை தருவதாகத் தோன்றுகிறது.

முதல் சில மணிநேரம்

திடீரென மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, காரணமில்லாத படபடப்பு, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதம் கூடாது. சில நாள் முன்னதாகவே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்திருந்தால் ஐயம் வலுப்படுகிறது. இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நன்றாக நீவிவிடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். ஆழ்சிரையில் கட்டி இருக்கும் காலை நீவினால் அது பிய்ந்து மேலே செல்லக்கூடும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் நீவாமல், அன்றே மருத்துவரிடம் காட்டி, சிரைகளுக்கான டாப்ளர் ஸ்கேன் எடுப்பதே தக்கது. மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தால் நோயாளியைத் தாமே வண்டியோட்டிச் செல்ல விடாமல், 108 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, ஈசிஜி ஆகியவை உடனே பார்க்கப்படுகின்றன. ஐயம் குறைவாக உள்ளவர்களுக்கு ‘டி-டைமர்’ என்ற இரத்தப் பரிசோதனை செய்யப்படும். அதன் முடிவு இயல்பாக இருந்தால் கட்டி இல்லையென்று பெரும்பாலும் தீர்மானிக்கலாம். ஆனால் அளவு கூடியிருப்பதனாலேயே கட்டி இருக்கிறது என்று பொருளில்லை. தொற்று, அறுவை, முதுமை ஆகியவற்றாலும் அது கூடும். உறுதி செய்வது, கையின் சிரையில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் படமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு வேறுவகை ஸ்கேன் உண்டு.

ஐயம் வலுவாக இருக்குமானால், படம் வரும்வரை காத்திராமல் மருத்துவர்கள் இரத்த உறைவைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். ‘நோய் என்னவென்று தெரியாமலே ஊசி போடுகிறார்களே’ என்று உறவினர் சிலர் ஆட்சேபிப்பது உண்டு. கட்டி இருந்து ஊசி போடாமல் விடுவதனால் வரும் ஆபத்து, கட்டி இல்லாதவருக்குச் சில மணிநேரம் ஊசி போடுவதனால் வரும் ஆபத்தைவிடப் பெரிது என்பதே இதற்குக் காரணம்.

கரைக்கும் ஊசி எல்லோருக்கும் ஏன் இல்லை?

மருத்துவமனை வராந்தாவில் உறவினர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே மனத்தாங்கல் எழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கட்டியைக் கரைக்கவல்ல மருந்துகள் இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் ஆகியவை அவ்வகையின. மாரடைப்பு வந்த ஒருவருக்கு உடனே அத்தகைய ஊசி போட்டதைப் பார்த்திருக்கும் குடும்பத்தினர், ‘செலவைப் பற்றிக் கவலையில்லை, எங்கள் அப்பாவுக்கும் அதைப் போடுங்கள்’ என்று கேட்பது இயல்பே. மருத்துவர் மறுக்கும்போது, ஏதோ மறைக்கிறார் என்ற எண்ணம் எழுகிறது.

மறுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. நுரையீரல் கட்டியின் கடுமையை அதன் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவதில்லை. இதயம் அதனை எவ்வாறு தாங்குகிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே இறங்கி, உடலுறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போனால் அது உயிராபத்தான நிலை; அப்போது கரைக்கும் ஊசியை மருத்துவர் தயங்காமல் பயன்படுத்துவார். இரத்த அழுத்தம் சீராக இருந்து, எக்கோ பரிசோதனையில் இதயத்தின் வலப்பக்கம் திணறுவது தெரிந்து, இரத்தத்தில் ட்ரோபோனின் அளவும் கூடியிருந்தால் அது இடைப்பட்ட நிலை. இவை எதுவும் இல்லாதது இலகுவான நிலை.

இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்குக் கரைக்கும் ஊசி நன்மை தருமா என்று அறிய ஐரோப்பாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2014-இல் அதன் முடிவு வெளியாயிற்று. எல்லோருக்கும் ஹெப்பாரின் கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக டெனெக்டிபிளேஸ் செலுத்தப்பட்டது. முதல் ஏழு நாளில் இறந்தவர்கள் அல்லது இரத்த அழுத்தம் சரிந்தவர்கள், ஊசி பெற்றோரில் 2.6 சதவீதம், பெறாதோரில் 5.6 சதவீதம். இவ்வளவோடு நின்றிருந்தால் ஊசியின் பக்கமே தீர்ப்பு. ஆனால் பக்கவாதம் கண்டவர்கள், ஊசி பெற்றோரில் 2.4 சதவீதம், பெறாதோரில் 0.2 சதவீதம் மட்டுமே. அந்தப் பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவால் வந்தவை. இறப்பை மட்டும் தனியே பார்த்தால் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, இடைநிலையில் உள்ள நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூர்ந்து கவனித்து, நிலைமை சரியத் தொடங்கினால் மட்டுமே கரைக்கும் ஊசியைக் கையில் எடுப்பது இன்றைய நடைமுறை. மருத்துவர் ‘வேண்டாம்’ என்று சொல்வது நோயாளியைக் கைவிடுவதாகாது.

கரைக்கும் ஊசியைத் தாங்க முடியாதவர்களுக்கு, மெல்லிய குழாயை இரத்தநாளம் வழியாகச் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் முறை பெருநகர மருத்துவமனைகளில் இப்போது செய்யப்படுகிறது. மார்பைத் திறந்து கட்டியை அகற்றும் அறுவையும் உண்டு. அந்த அறுவையோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரலில் கட்டி அடைத்த ஒரு பெண்மணியின் அருகில் இரவு முழுதும் கண்விழித்திருந்தார் ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர். அப்பெண்மணி பிழைக்கவில்லை. உடலின் இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஊட்டி, திரும்பச் செலுத்தும் கருவி ஒன்று இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற எண்ணம் கிப்பனை விடவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 1953 மே 6-ஆம் நாள் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவையை அவர் செய்து முடித்தார். இன்று பைபாஸ் அறுவைக்குப் பயன்படும் இயந்திரத்தின் மூலம் அதுவே.

நூறில் பெரும்பான்மையோருக்கான மருந்து

கரைக்கும் ஊசியும் அறுவையும் சிலருக்கே. எஞ்சிய பெரும்பாலோருக்குச் சிகிச்சை என்பது உறைவைத் தடுக்கும் மருந்து ஒன்றே. ‘இவ்வளவு பெரிய நோய்க்கு வெறும் மாத்திரையா?’ என்று ஐயுறுவோர்க்கு, 1960-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டலாம். பேரிட், ஜோர்டன் என்னும் இரு மருத்துவர்கள் நுரையீரல் கட்டி கண்ட 35 பேரை இரு பிரிவாக்கினர். மருந்து பெறாத 19 பேரில் ஐவர் கட்டியாலேயே இறந்தனர். மேலும் ஐவருக்கு மீண்டும் கட்டி வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூடக் கட்டியால் இறக்கவில்லை. வேறுபாடு அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், மருந்தில்லாப் பிரிவில் இனி யாரையும் சேர்ப்பது முறையன்று என்று நிறுத்திவிட்டனர். அவர்கள் பயன்படுத்தியவை ஹெப்பாரின் ஊசியும் நிக்குமலோன் மாத்திரையும். அதே நிக்குமலோன், அசினோகுமரால் என்ற பெயரில் இந்தியாவில் இன்றும் பரவலாக எழுதிக் கொடுக்கப்படுகிறது.

அதன் உறவினமான வார்ஃபரினைப் பற்றிய ஒரு செய்தி நோயாளிகளைக் கலங்கச் செய்வதுண்டு. கைப்பேசியில் தேடிப் பார்ப்பவர்கள் ‘எலி மருந்து’ என்று படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். செய்தி உண்மைதான். கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்ததை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கார்ல் லிங்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது அம்மருந்து. 1948-இல் எலிகளைக் கொல்லவே விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்க்குப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது. எலிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவில் இருக்கிறது. அந்த அளவைக் காக்கவே ‘ஐ.என்.ஆர்.’ என்ற இரத்தப் பரிசோதனை அவ்வப்போது செய்யப்படுகிறது. அது 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தக்கசிவு.

இவ்வகை மருந்து உண்பவர்கள் கீரையே தொடக்கூடாது என்று பரவலாகச் சொல்லப்படுவது மிகையானது. முருங்கைக்கீரை, பாலக் போன்றவற்றில் உள்ள வைட்டமின் ‘கே’ மருந்தின் வேலையைக் குறைப்பது மெய். எனினும் வாரத்திற்கு இரு முறை கீரை உண்பவர் அவ்வாறே தொடர்ந்தால், மருத்துவர் அதற்கேற்ப மருந்தின் அளவை வகுத்துவிடுவார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் நாள்தோறும் உண்பதுதான் தொல்லை.

ரிவரோக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் ஆகிய புதிய மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனையும் உணவுக் கணக்கும் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அவற்றுக்கும் தனி விதிகள் உண்டு. ரிவரோக்சபான் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் வீதம் இரு வேளை, பின்னர் 20 மில்லிகிராம் ஒரு வேளை என்பது வழக்கமான முறை. அபிக்சபான் முதல் 7 நாள் 10 மில்லிகிராம் வீதம் இரு வேளை, அதன்பின் 5 மில்லிகிராம் வீதம் இரு வேளை. அளவு மாறவேண்டிய அந்த நாளில்தான் குழப்பம் நேர்கிறது. வீடு திரும்பும்போதே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துவிடலாம். ரிவரோக்சபானின் இந்த இரு அளவுகளையும் உணவோடுதான் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும். ஏகாதசி விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, வேளையை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய மாத்திரைகள் எல்லோருக்கும் பொருந்துவனவும் அல்ல. கருவுற்ற பெண்களுக்கு ஊசிவழி ஹெப்பாரின் வகைகளே ஏற்றவை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கும், ஆன்டிபாஸ்போலிப்பிட் என்னும் நோய் உள்ளவர்களுக்கும் பழைய மாத்திரையையே மருத்துவர் தேர்ந்தெடுக்கக்கூடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை உறைவெதிர்ப்பு மாத்திரைகளின் ஆற்றலை வெகுவாகக் குறைத்துவிடும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

‘நான்தான் ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறேனே’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. இதயத் தமனிகளுக்கு உரியவை. சிரையில் உண்டாகும் கட்டிக்கு அவை ஈடாகமாட்டா.

அறுபதாம் நாளில் முடியும் காப்பீடு

நுரையீரல் கட்டிக்கு உறைவெதிர்ப்பு மருந்து குறைந்தது மூன்று மாதம் தேவை என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. இனி, மருந்துச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று பார்ப்போம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துத் தந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியில், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபின் 60 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்குக் காப்பு உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அது 15 நாள். தனியார் பாலிசிகளில் இந்தக் காலம் வேறுபடும். ஆக, 90 நாள் நீளவேண்டிய சிகிச்சையில், ஒரு திட்டத்தில் 30 நாளும் மற்றொன்றில் 75 நாளும் குடும்பத்தின் கைப்பணத்திலிருந்தே நடக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைச் செலவில் சேமிப்பெல்லாம் கரைந்திருக்கும் வேளை அது. நோயாளியும் தெம்பாக நடமாடத் தொடங்கியிருப்பார். மாத்திரை நின்றுபோவதற்கு இதைவிட வேறு சூழல் வேண்டியதில்லை.

கடன் தவணை ஒன்று தவறினால் அபராதத்தோடு அடுத்த மாதம் செலுத்திவிடலாம். இம்மருந்தில் அந்த வசதி கிடையாது. ஆகையால், வீடு திரும்பும் நாளிலேயே மூன்று மாத மருந்துக்கான தொகையைக் கணக்கிட்டுத் தனியே ஒதுக்கி வைத்துவிடுவதே எங்கள் பரிந்துரை. செலவைத் தாங்க முடியாதென்று தெரிந்தால் அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. வார்ஃபரின், ஹெப்பாரின், எனாக்சபாரின் ஆகியவை தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவை. அவற்றின் உச்சவிலையை அரசு நிர்ணயிக்கிறது. புதிய மாத்திரைகளுள்ளும் ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவை, காப்புரிமைக் காலம் முடிந்தபின், பல இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அருகிலுள்ள ஜன் ஔஷதி மருந்தகத்தில் விசாரித்துப் பார்ப்பதும் பயன் தரும். சிற்றூர்களில் எல்லாக் கடைகளிலும் இவை இருப்பில் இருப்பதில்லை. கையிருப்பு பத்து நாளுக்குக் குறையும்போதே சொல்லி வைப்பது நன்று.

வெளிவந்தபின் வாங்கும் மருந்துக்கான சீட்டு, ரசீது, ஐ.என்.ஆர். முடிவு எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வைத்தால், காப்புக் காலத்திற்குரிய தொகையைத் திரும்பப் பெறலாம். காப்பீடு இல்லாத, 60 வயது கடந்தவர்களின் மருத்துவச் செலவுக்கு, பழைய வருமானவரி முறையில் இருப்போர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். ரொக்கமாகக் கொடுத்த தொகை அதில் சேராது என்பதால் கார்டு அல்லது யுபிஐ வழியாகச் செலுத்துவது நலம். முன் ஆண்டில் கோரிக்கை எழுப்பினீர்கள் என்ற காரணத்தைக் காட்டி எந்த நிறுவனமும் மருத்துவப் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்க முடியாது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மருந்தோடு வாழும் நாட்கள்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, தேவையான இடத்திலும் உறையவிடாமல் செய்யக்கூடும். பல் துலக்கும்போது சிறிது கசிவதும், எங்காவது இடித்துக்கொண்டால் கன்றிப்போவதும் அஞ்சத்தக்கவை அல்ல. மலம் கரிய தார்போல் போவது, சிறுநீரில் இரத்தம், நில்லாத மூக்குக் கசிவு, தலையில் அடிபடுதல், திடீரெனக் கடும் தலைவலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். தலையில் அடிபட்டவர் வெளிக்காயம் இல்லையென்று வீட்டில் இருந்துவிடலாகாது.

மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் இங்கே பெரும் ஆபத்து. உறைவெதிர்ப்பு மருந்தோடு அவை சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு பெருகுகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். நாட்டு மருந்து, மூலிகைச் சூரணம் எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தாலோ, கண் அறுவை இருந்தாலோ அந்த மருத்துவரிடம் மாத்திரையைக் காட்ட வேண்டும். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதைத் தாமே முடிவு செய்யலாகாது. ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றைய நாளுக்குள் நினைவு வந்ததும் உட்கொள்ளலாம். மறுநாள் இரட்டிப்பாக விழுங்கி ஈடுகட்ட முயலக் கூடாது. மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சிறு சீட்டு ஒன்று பணப்பையில் இருப்பது, விபத்து நேர்ந்தால் முன்பின் அறியாத மருத்துவருக்குப் பேருதவி.

மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்திவிடலாமா என்பது கட்டி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. அறுவை, எலும்பு முறிவு போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்திருந்தால், அக்காரணம் நீங்கிய பின் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். காரணமே புலப்படாமல் வந்தவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர்களுக்கு மருத்துவர் ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கக்கூடும், ஆறு மாதத்திற்குப் பின் சிலருக்குக் குறைந்த அளவில். புற்றுநோய் உள்ளவர்களுக்கு அந்நோய் நீடிக்கும்வரை மருந்தும் நீடிக்கிறது. நீட்டிப்பதானால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரகப் பரிசோதனை செய்து, இரத்தக்கசிவுக்கான வாய்ப்பையும் எடைபோட்டு, தொடர்வது தகுமா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொண்டபோது கட்டி வந்த பெண்கள், மாற்று முறையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

அந்த மூன்றாம் மாதச் சந்திப்பில் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. மருந்தைத் தவறாமல் உட்கொண்ட பின்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கட்டி முழுமையாகக் கரையாமல், தழும்புபோல் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நுரையீரலின் இரத்த அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது என்று தாமே காரணம் கற்பித்துக்கொண்டு இவர்கள் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். எக்கோவும் ஒரு ஸ்கேனும் எடுத்தால் இந்நிலை பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தத் தழும்பை உரித்தெடுக்கும் அறுவையும், குழாயை பலூன் கொண்டு விரிக்கும் முறையும் நம் நாட்டிலேயே சில பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகின்றன. அத்தகையோருக்கு உறைவெதிர்ப்பு மாத்திரை வாழ்நாள் முழுவதும் தொடரும்.